விசைப்பலகைத் திட்டத்தின் இணையதளம்: வேர்ட்பிரஸிலிருந்து ஹியூகோவுக்கு

நான்கு பேர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவரும் எங்கள் கட்டற்ற தமிழ் விசைப்பலகை மென்பொருளுக்கு, அண்மைக்காலம் வரை ஒரு தரவிறக்க இணைப்பும் சிறு அறிமுகக் குறிப்பும் மட்டுமே இருந்தன. நிறுவும் முறையும் வெளியீட்டுக் குறிப்புகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கவேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, அதற்கேற்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பை, அதாவது பக்கங்களை எழுதி வெளியிட உதவும் மென்பொருளைத் தேடிக் கடந்த இரண்டு மாத வார இறுதிகளைச் செலவிட்டேன்.

முதலில் வேர்ட்பிரஸை நிறுவிப் பார்த்தேன். மூன்றே மாலைப்பொழுதுகளில் தளம் உருவாகிவிட்டது. உதவிப் பக்கங்களை எழுதித் தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் யாருடைய துணையும் இல்லாமல் அதில் எழுதத் தொடங்கினார். சிக்கல் பக்க முகவரியில் எழுந்தது. ‘விண்டோசில் விசைப்பலகை நிறுவும் முறை’ என்று தலைப்பிட்ட பக்கத்தின் முகவரி ‘விண்டோசில்-விசைப்பலகை-நி’ என்று பாதியில் அறுந்து நின்றது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைப் பெறுகிறது. முகவரிக்காக மாற்றும்போது ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்துகள் வீதம் அது ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் வருவதால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 45 இடங்கள் தேவைப்படுகின்றன. வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் முகவரிப் பெயருக்கு உள்ள இடமோ 200 மட்டுமே. ஆங்கிலத்தில் சுருக்கமான பெயரைக் கையால் இட்டு இதைத் தவிர்க்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தமிழில் தட்டச்சு செய்வதற்கென்றே உருவான ஒரு மென்பொருளின் தளம் தன் பக்கங்களுக்குத் தமிழில் பெயரிட இயலாமல் நிற்பதை என் மனம் ஏற்கவில்லை.

மேலும், இருமொழி வசதிக்குத் தனிச் செருகுநிரல் வேண்டியிருந்தது. அதையும், வேர்ட்பிரஸ் இயங்கத் தேவையான பி.எச்.பி. நிரல்மொழியையும் தரவுத்தளத்தையும் இடையறாது புதுப்பித்துக்கொண்டிருக்க எங்களிடம் ஆளில்லை. பன்மொழி வசதியை 2015இல் வெளிவந்த எட்டாம் பதிப்பிலேயே உள்ளடக்கிய துருபல் என்னும் மற்றொரு அமைப்பு, முப்பது பக்கத் தளத்துக்கு மிகையான ஏற்பாடாகத் தோன்றியதால் ஒரே நாளில் அதை விட்டுவிட்டேன்.

அடுத்ததாக, கோ என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டு 2013இல் வெளிவந்த ஹியூகோவை எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு கோப்பாகக் கிடைக்கும் இந்த நிரல், மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையில் எழுதிய கோப்புகளைப் படித்து நிலையான பக்கங்களை உருவாக்கித் தருவதால், சர்வரில் தரவுத்தளம் எதுவும் தேவைப்படுவதில்லை. குபர்னெட்டீஸ் என்னும் பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் தளமும் இதில்தான் இயங்குகிறது. கோப்புப் பெயரில் மொழிக்குறியைச் சேர்த்தால் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் தாமாகவே இணைகின்றன. தமிழ் முகவரிகளும் முழுமையாக நிற்கின்றன. என்னை முழுவதுமாக இதன் பக்கம் திருப்பியது வேறொன்று. உதவிப் பக்கங்கள் இப்போது மென்பொருளின் மூலநிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் இடம்) இருப்பதால், ஒரு விசையின் இடத்தை மாற்றுபவர் அதை விளக்கும் பத்தியையும் அதே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், மாற்றிவிட முடிகிறது. நாளை நான் விலகினாலும், களஞ்சியத்தைப் படியெடுக்கும் எவரிடமும் முழுத் தளமும் இருக்கும்.

எனினும் தமிழாசிரியையை கிட் கட்டளைகள் கற்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. அதற்காக டீகேப் சி.எம்.எஸ். என்னும் எழுதும் கருவியைச் சேர்த்தேன். உலாவியில் திறக்கும் படிவத்தில் அவர் எழுதிச் சேமித்தால், அது வரைவாகக் களஞ்சியத்துக்குள் வந்து எங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. களஞ்சியம் இருக்கும் கிட்ஹப் இணையச் சேவையின் கணக்கில் உள்நுழைவதற்கான இரகசியக் குறியீட்டை நிலையான பக்கத்தில் வைக்கமுடியாது என்பதால், அதற்கென ஒரு சிறு இடைச்சேவையகத்தை அமைக்க வேண்டியிருந்தது. ஒரு வார இறுதி முழுவதும் அதில் கரைந்தது. சென்ற ஞாயிறன்று அவருடைய முதல் திருத்தம் வந்து சேர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

இதுவரை 18 பக்கங்களை ஹியூகோவுக்கு மாற்றியிருக்கிறேன். தேடல் வசதி இன்னும் இல்லை. ‘விசைப்பலகையை’ என்று தேடுபவருக்கு ‘விசைப்பலகை’ உள்ள பக்கங்களும் கிடைக்கவேண்டும் என்பதால், ஸ்னோபால் என்னும் நிரல் தொகுப்பிலுள்ள, சொல்லின் விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைத் தரும் தமிழ் நிரலை அடுத்த வாரம் சோதிக்கவிருக்கிறேன்.