இருபது ரோல்ஸும் ஒரு பேர்னாவும்

போன மாதம் ஒரு பந்தயத்தில் இருபது மட்டன் ரோல்ஸ் தோற்றேன். பந்தயம் ஒரு பழைய லொறியின் மேல். சுவிஸில், ரைன் பள்ளத்தாக்கில் கல்லும் மணலும் விற்கிற ஒரு யார்டின் பின்பக்கம், பற்றைக்குள் பல வருடமாக அசையாமல் நிற்கிற லொறி. முன் தகரத்தில் பெயர் இல்லை. நான் சவுரர் என்றேன். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கிற சுவிஸ் ஐயா பேர்னா என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கேட்டது நியாயமான கேள்வி. “ரெண்டும் ஒரே லொறி எண்டு நீங்கள்தானே வருசக்கணக்காச் சொல்லுறீங்கள். பிறகென்ன பந்தயம்?”

ஒரே லொறிதான். சிக்கலே அதுதான்.

சவுரர் கம்பனி இருந்தது ஆர்போனில், போடன் ஏரிக்கரையில். பூத்தையல் இயந்திரம் செய்தவர்கள். 1903இல் லொறி செய்யத் தொடங்கினார்கள். பேர்னா வேறு கம்பனி. 1902இல் பேர்ன் நகரத்தில் தொடங்கி, கொஞ்ச நாளில் ஓல்ட்டனுக்குப் போனது. 1929இல் சவுரர் பேர்னாவை வாங்கிவிட்டது. ஆனால் பெயரை விடவில்லை. காலப்போக்கில் இரண்டு பெயருக்கும் ஒரே வண்டி என்று ஆனது. சவுரர் தன் வரிசையை ‘டி’ என்று சொன்னால், அதே வண்டி பேர்னாவில் ‘வி’. சவுரர் 5டிஎஃப் என்றால் பேர்னா 5விஎஃப். சுவிஸ் இராணுவத்தில் ஓடிய 2டிஎம்முக்கு பேர்னாவில் 2விஎம் என்று பெயர். எஞ்சின் அதே, கியர் பெட்டி அதே, முன்னால் இருக்கிற எழுத்து மட்டும் வேறு. அப்படியிருந்தும், பேர்னா தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்ற முதலாளிமார் இருந்திருக்கிறார்கள். ஊரில் ஒரே தேங்காய் எண்ணெயை இரண்டு போத்தலில் விற்றால், இந்தப் போத்தல்தான் நல்லது என்று அடம்பிடிக்கிற ஆட்கள் இருப்பார்களே, அது மாதிரி.

பழைய லொறியைப் பார்த்துப் பெயர் சொல்லுகிற இந்த விசர் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு: நான் 1990இல் சுவிஸுக்கு வந்தேன். சென்காலனில் ஒரு சமையலறையில் கோப்பை கழுவினேன். சாவகச்சேரியில் அப்பாவுக்கு ஒரு பெட்போர்ட் லொறியில் பங்கு இருந்தது. ஒழுங்கை முனையில் திரும்பும்போதே அது எங்கள் லொறியா, அயலவரின் லேலண்டா என்று படுக்கையில் கிடந்தபடி சொல்லுவேன். வந்த இடத்தில் அந்தக் காதுக்கு வேலை இருக்கவில்லை. பல வருடம் கழித்து, மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று ஆர்போனில் இருக்கிற சவுரர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். ஏரிக்கரையோரமாகவே இருக்கிறது. லொறிகளோடு தறிகளும் பூத்தையல் இயந்திரங்களும் நிற்கின்றன. மகன் பத்து நிமிடத்தில் அலுத்துப்போனான். நான் பூட்டுகிற நேரம் வரைக்கும் நின்றேன்.

அன்றைக்கே ஒரு அவமானமும் நடந்தது. வெளியில் ஒருவர் தன் பழைய லொறியை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். “நல்ல வடிவான இங்கிலீஸ் லொறி” என்றேன், எனக்குத் தெரிந்த ஜேர்மனில். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் இங்கிலீஸ்?” “ஸ்ரியறிங் வலது பக்கம் இருக்கிறதே.”

சுவிஸ்காரரோ ஜேர்மன்காரரோ என்றால் அந்த வலப்பக்க ஸ்ரியறிங்கைப் பார்த்ததும் முதலில் திகைப்பார்கள், வீதியின் வலப்பக்கம் ஓடுகிற நாட்டில் ஏன் இப்படி என்று. எனக்கு அந்தத் திகைப்பு வரவில்லை. ஊரில் எல்லா வாகனமும் அப்படித்தானே. அதனால் எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தும் பிழையான நாட்டுக்குப் போய்விட்டேன். அவர் விளங்கப்படுத்தினார். மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவது பள்ளத்தின் பக்கம். வலது சில்லு விளிம்பில் இருந்து எத்தனை விரற்கடை தள்ளி நிற்கிறது என்று றைவர் தலையை நீட்டிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சவுரர், பேர்னா, இன்னொரு சுவிஸ் கம்பனியான எஃப்பிடபிள்யூ எல்லாம் பல பத்தாண்டுகள் ஸ்ரியறிங்கை வலது பக்கம் வைத்தன. மஞ்சள் தபால் பஸ்களும் அப்படியே. இத்தாலியின் பெரிய லொறிகளும் 1970கள் வரை அப்படித்தான். ஆகவே, வீதியின் வலப்பக்கம் ஓடுகிற லொறியின் ஸ்ரியறிங்கும் வலப்பக்கம் என்றால் சுவிஸ் அல்லது இத்தாலி என்று தொடங்கலாம். லொறியைப் படத்தில் பார்க்கும்போது, படம் கண்ணாடி மாதிரித் திரும்பி அச்சாகியிருந்தால் வேறு கதை. அதற்கு முதலில் இலக்கத்தகட்டைப் பார்க்க வேண்டும்.

இத்தாலியா சுவிஸா என்பதற்கு அடுத்த கேள்வி அகலம். சுவிஸ் வீதிகளில் நெடுங்காலம் 2.30 மீட்டர்தான் அனுமதி. மற்ற நாடுகளில் 2.50. இருபது சென்ரிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். நேரே முன்னால் நின்று பார்த்தால், சுவிஸ் லொறி தோளை ஒடுக்கிக்கொண்டு பஸ்சில் நடுவில் நிற்கிற ஆள் மாதிரித் தெரியும். பழகிய கண்ணுக்குப் படத்திலும் தெரியும். ஃபியட் 682 அப்படி ஒடுங்கி நிற்காது. அதன் கிரில்லைச் சுற்றிய வளைவுக்கு இத்தாலிக்காரர் மீசை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மீசையைப் பார்த்தால் பிறகு கேள்வி இல்லை.

சில்லையும் பார்க்க வேண்டும். நடுவில் நட்சத்திரம் மாதிரி வார்ப்பு இரும்புக் கால்கள், அதைச் சுற்றி மூன்று துண்டாக வெட்டிய றிம். உற்றுப் பார்த்தால் றிம்மில் மூன்று கோடு தெரியும். இதுதான் திறைலெக்ஸ். ஷாப்ஹவுசனில் கேயோர்க் ஃபிஷர் வார்ப்பாலையில் பிறந்தது. தயரைக் கழற்றச் சம்மட்டியால் அடித்துச் சாக வேண்டியதில்லை, றிம்மின் ஒரு துண்டை நெம்பி உள்ளுக்குத் தள்ளினால் மற்றவை தானாக விடும். அப்பாவின் லொறியில் தயர் மாற்றுகிற நாள் எங்கள் முற்றத்தில் நாலு பேர் வேர்த்து விறுவிறுத்து நிற்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் இந்த மூன்று கோட்டை மறக்கமாட்டான். ஆனால் திறைலெக்ஸ் ஜேர்மன் லொறிகளிலும் நிறைய உண்டு. அதை மட்டும் வைத்து நாடு சொன்னால் ரோல்ஸ்தான் போகும்.

எழுத்தைக் கடைசியாகப் பார் என்பது கீழ்வீட்டு ஐயாவின் சட்டம். அவர் சவுரரில் கடைசற்காரராக இருந்தவர். 1982இல் சவுரரின் லொறிப் பிரிவையும் வெட்சிகோனில் இருந்த எஃப்பிடபிள்யூவையும் சேர்த்து டைம்லர்-பென்ஸோடு ஒரு கம்பனியாக்கினார்கள். அடுத்த வருடமே பொதுமக்களுக்கான சவுரர் லொறி நின்றுபோனது. இராணுவத்துக்கு மட்டும் 1987 வரை செய்தார்கள். இதைப் பற்றி அவரிடம் கதை கேட்டால் தேத்தண்ணி ஆறிவிடும். (எஃப்பிடபிள்யூ என்பது ஃபிரான்ஸ் புரோசின்செவிச் வெட்சிகோன் என்பதன் சுருக்கம். குரோசியாவில் இருந்து வந்தவர். சுவிஸின் பெருமை என்று இவர்கள் கொண்டாடுகிற மூன்று லொறிப் பெயர்களில் ஒன்று வெளிநாட்டுக்காரனின் பெயர் என்பதை நான் ஐயாவுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவதுண்டு.)

எழுத்து எப்படிப் பொய் சொல்லும் என்பதற்கு ஐயா காட்டுகிற உதாரணம் சின்ன லொறிகள். சவுரர் என்று எழுதியிருக்கும், கூடவே சின்னதாக ஓஎம் என்றும் இருக்கும். ஆர்போனில் அதற்கு ஒரு ஆணிகூட அடித்திருக்கமாட்டார்கள். அது இத்தாலியில் பிரேஷியாவில் இருந்த ஓஎம் கம்பனியின் வண்டி. சவுரரும் பேர்னாவும் தங்கள் பெயரோடு சேர்த்து சுவிஸில் விற்றார்கள். ஓஎம்காரர் தங்கள் லொறிகளுக்கு மிருகக் குட்டிகளின் பெயர் வைத்தவர்கள்: லெயோன்சீனோ என்றால் சிங்கக்குட்டி, திக்ரொத்தோ புலிக்குட்டி, லுப்பெத்தோ ஓநாய்க்குட்டி. இருக்கிறதிலேயே வடிவான பெயர்கள் இவைதான் என்பது என் கட்சி.

ஜேர்மன் பக்கம் எழுத்தைவிடச் சின்னம் கதை சொல்லும். மகிருஸ் லொறியின் முன்னால் இருக்கிற ‘எம்’ எழுத்தின் நடுக்கால் நீண்டு கோபுரமாக நிற்கும். அது அவர்கள் ஊரான உல்ம் தேவாலயத்தின் கோபுரம். கிருப்புக்கு மூன்று வளையம், றெயில் சில்லின் நினைவாக. சிங்கத்தில்தான் ஆட்கள் ஏமாறுவார்கள். மான் (MAN) என்ற ஜேர்மன் கம்பனியின் லொறியில் சிங்கத்தைக் கண்டால் அது மானின் சிங்கம் என்று நினைப்போம். அது பிரவுன்ஷ்வைக்கின் சிங்கம், பியூசிங் கம்பனியின் சொத்து. 1971இல் மான் பியூசிங்கை எடுத்தபோது சிங்கமும் கூடவே போனது.

சின்னமே தேவைப்படாத ஒன்று தத்ரா. செக் நாட்டு லொறி. முதுகெலும்பு மாதிரி நடுவில் ஒரு குழாய், இரண்டு பக்கமும் ஆடுகிற அரை அச்சுகள். சுமை இல்லாமல் நிற்கும்போது சில்லுகளின் அடிப்பக்கம் உள்ளுக்கு ஒடுங்கும், மூத்திரம் அடக்குகிற பெடியன் நிற்கிற மாதிரி. சுமை ஏற்றினால் நேராகிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிகூடத் தேவையில்லை.

சரி, பந்தயத்துக்கு வருவோம்.

யார்டின் இப்போதைய முதலாளி இளம் ஆள். “பழைய லொறி, அவ்வளவுதான் தெரியும், போய்ப் பாருங்கள், காலில் ஆணி ஏறினால் நான் பொறுப்பில்லை” என்றார். பற்றையை மிதித்துப் போனோம். ஸ்ரியறிங் வலது. அகலத்தை அளந்தோம், 2.30. சில்லு திறைலெக்ஸ், மூன்று கோடும் துருவுக்குள் தெரிந்தது. முகம் சப்பை, எஞ்சின் றைவரின் பக்கத்தில். டிஎஃப் அல்லது விஎஃப். இதுவரைக்கும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

முன் தகரத்தில் எழுத்துகளைக் கழற்றிவிட்டுத் துளைகளைப் புட்டி வைத்து அடைத்து மேலே பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். விரலால் தடவினால் புட்டியின் மேடு தெரிந்தது. எண்ணினேன். பன்னிரண்டு. எழுத்துக்கு இரண்டு துளை என்றால் ஆறு எழுத்து. ஜேர்மன் எழுத்தில் சவுரருக்கு ஆறு, பேர்னாவுக்கு ஐந்து. துப்பறிகிறவன் மாதிரி நிமிர்ந்து நின்று ஐயாவுக்குச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. “பேர்னா” என்றார். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. அங்கேதான் நான் ரோல்ஸை வாயில் எடுத்தேன்.

கம்பனியின் பெயர்த்தகடு றைவர் கதவுக்குள் இருந்தது. அதன் மேல் எத்தனை தரம் பெயின்ற் அடித்தார்களோ தெரியாது. பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே ஒரு கடும் சிவப்பு. ஐந்து ரப்பன் குற்றியால் மெதுவாகச் சுரண்டினேன். கத்தி வேண்டாம், எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும் என்று ஐயா முதலே சொல்லியிருந்தார். முதலில் கீழ் வரியில் ஒரு ‘ஓ’ வந்தது. பிறகு ‘எல்’. ஆர்போனில் ‘எல்’ கிடையாது என்பது உறைக்க எனக்கு ஒரு நொடி பிடித்தது. ஓல்ட்டன். மேல் வரியைச் சுரண்டவே மனம் வரவில்லை. ஐயாதான் குற்றியை வாங்கிச் சுரண்டினார். மோட்டார்வாகன்ஃபப்றிக் பேர்னா.

அப்படியானால் பன்னிரண்டு துளை? “எப்போதோ முன்னால் இடிபட்டிருக்கும். தகரம் மாற்றியிருப்பார்கள். சவுரர் தகரம் கிடைத்திருக்கும். பொருந்தும்தானே, ஒரே லொறி” என்றார்.

காரில் திரும்பி வரும்போது, எதைப் பார்த்து அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சில்லா, அச்சா, வார்ப்பில் ஏதும் அடையாளமா? அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பெடியனின் தாத்தாவை எனக்குத் தெரியும். சாகும் வரைக்கும் பேர்னா தவிர வேறு வாங்கவில்லை.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே!”

“நீங்கள் துளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். குழப்ப விரும்பவில்லை.”

சனிக்கிழமை மனைவி ரோல்ஸ் பொரித்துத் தந்தா. ஐயா இரண்டு சாப்பிட்டார், காரம் கூடவாம். மிச்சம் பதினெட்டையும் யார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த இளம் முதலாளி ஒன்றைக் கடித்துக்கொண்டே, லொறி என்ன மொடல் என்று கேட்டார். பேர்னா என்றேன். “அப்படியா? நான் சவுரர் என்று நினைத்தேன்” என்றார்.