அம்மா திட்டித் தீர்த்த அர்ச்சனா

'ராஜா ராணி 2' சீரியல் ஓடின நாள்ல எங்க மஞ்சக்குப்பம் வீட்ல அர்ச்சனா ரவிச்சந்திரன் திரையில வந்தாலே அம்மா ஆரம்பிச்சிடுவாங்க. "வந்துட்டா பாரு, குடியக் கெடுக்க!" வில்லி வேஷம். சீரியல்லயும் அவங்க பேரு அர்ச்சனாதான். அதனாலயோ என்னவோ, நிஜத்துலயும் அந்தப் பொண்ணு அப்படித்தான்னு அம்மா நம்பிட்டாங்க.

2023-ல பிக் பாஸ் ஏழாவது சீசன்ல வைல்டு கார்டா, அதாவது ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் நடுவுல, உள்ள போனாங்க. வந்த புதுசுல ஒரே அழுகை. அம்மாவுக்குச் சோறு இறங்கல. "டேய், பாவம்டா, தனியா உக்காந்து அழுவுறா. அவளுக்கு ஒரு ஓட்டுப் போடுடா"ன்னு என் போனை எடுத்துட்டு வந்து நின்னாங்க. அன்னையிலருந்து ஒரு ஓட்டு விடல.

2024 ஜனவரி 14, போகி. வாங்கின கரும்பும் மஞ்சக்கொத்தும் வாசல்லயே கிடக்குது, அம்மா டிவி முன்னாடி. கமல் அர்ச்சனா கையைத் தூக்கினதும் கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. தமிழ் பிக் பாஸ்ல வைல்டு கார்டா வந்து ஜெயிச்ச முதல் ஆள் அர்ச்சனாதான்!

ஒரு வில்லி இவ்வளவு திட்டு வாங்கணும்னா எவ்வளவு உழைச்சிருக்கணும்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

இப்ப பழைய எபிசோடு கண்ணுல பட்டா அம்மா சேனல மாத்தறதில்ல. "எப்படி நடிச்சிருக்கா பாருடா"ங்கறாங்க.