கட்டி சார்க்: சுக்கானை இழந்தும் கரை சேர்ந்த கப்பல்

லண்டன் கிரீனிச்சில் ஒரு ரயில் நிலையத்துக்கே ‘கட்டி சார்க்’ என்றுதான் பெயர். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் மூன்று பாய்மரங்களும் தெரிந்துவிடும்.

மேல்தளத்தைவிட எனக்குப் பிடித்தது கப்பலின் அடிப்பக்கம். 3 மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் அதன் அடியிலேயே நடக்கலாம். இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதற்கும் மேல் பொன்னிறத் தகடு. பாசியும் சிப்பியும் ஒட்டினால் வேகம் போய்விடும், அதற்காகத்தான் இந்தத் தகடு. அணியம், அதாவது கப்பலின் முன்முனை, கத்திபோல ஒடுங்கி இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

சீனத் தேயிலையை எல்லோருக்கும் முந்தி லண்டன் சேர்க்க ஜான் வில்லிஸ் கட்டவைத்த கப்பல் இது. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் 1869 நவம்பர் 22 அன்று நீரில் இறங்கியது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்குவழி கிடைத்துவிட்டது. இதுவோ ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். பிறந்த வாரத்திலேயே பிழைப்பு ஆட்டங்கண்டுவிட்டது, பாவம். தேயிலை ஏற்றி வந்தது எட்டே தடவை.

அதில் 1872ஆம் ஆண்டுப் பயணத்தைத்தான் மறக்க முடியவில்லை. ஷாங்காயிலிருந்து ‘தெர்மோபைலி’ என்ற இன்னொரு தேயிலைக் கப்பலோடு போட்டி. இந்தியப் பெருங்கடலில் சுமார் 400 கடல் மைல் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது புயலில் சுக்கான் பிய்த்துக்கொண்டு போனது. துறைமுகத்துக்குப் போகலாம் என்று கப்பலிலிருந்த முதலாளியின் தம்பி அடம்பிடித்தார். மூடி என்பவர்தான் கேப்டன், அவர் மறுத்துவிட்டார். ஆடும் தளத்திலேயே உலை மூட்டி, இரும்பை அடித்து, உதிரி மரங்களைச் சேர்த்துத் தச்சர் ஹென்றி ஹெண்டர்சன் புதுச் சுக்கான் செய்தார். ஒரு வாரம் பிந்தித்தான் லண்டன் வந்தார்கள். போட்டியில் தோல்விதான். ஆனால் எனக்கு அந்தத் தச்சர்தான் ஜெயித்தவர்.

அப்புறம் ஆஸ்திரேலியக் கம்பளி. கேப்டன் வுட்ஜெட் 1885இல் சிட்னியிலிருந்து 73 நாளில் கொண்டுவந்து சேர்த்தார். 1895இல் போர்த்துக்கீசியர் கைக்குப் போய், 1922இல் இங்கிலாந்து திரும்பி, 1954இல் இந்த உலர்துறைக்கு வந்தது. 2007இல் தீப்பிடித்தது. பழுதுபார்ப்புக்காகப் பாய்மரங்களையும் பல பலகைகளையும் முன்பே கழற்றி வைத்திருந்ததால் அவை தப்பின.

கிளம்பும்முன் அணியத்தின் முகப்புச் சிலையை அண்ணாந்து பார்த்தேன். ஸ்காட்லாந்துக் கவிதை ஒன்றில் குதிரையைத் துரத்திப் போகும் சூனியக்காரி அவள். குட்டைச் சட்டை போட்டவள், கப்பலின் பெயருக்கும் அதுதான் அர்த்தம். நீட்டிய கையில் பிய்த்தெடுத்த குதிரைவாலை இன்னமும் விடாமல் பிடித்திருக்கிறாள்.