ஹாலில் ஒரு ராஸ்பெர்ரி பை

அப்பா தினமும் காலையில் காபியோடு டேப்லெட்டில் செய்தி படிப்பார். மூணு வரி தாண்டுவதற்குள் ஒரு விளம்பரம் எழும்பி வந்து பக்கத்தை மறைக்கும். மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகு அளவுக்குத்தான் இருக்கும். கண்புரை ஆபரேஷன் முடிந்த கண்ணால் அதைத் தேடி அழுத்துவதற்குள் விரல் தவறி வேறு ஏதோ திறந்துவிடும். "இது என்னன்னு பாரு பாப்பா" என்று என்னிடம் நீட்டுவார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நடக்கும்.

போன தீபாவளிக்கு முன்னால் சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் பழைய ராஸ்பெர்ரி பை 3 பி ஒன்று கிடைத்தது. பை என்றால் உள்ளங்கை அளவு போர்டிலேயே அடங்கிவிடும் குட்டிக் கம்ப்யூட்டர். 2016-இல் வந்த மாடல், 1 ஜிபி ராம். இதற்குப் பிறகு பை 4, பை 5 எல்லாம் வந்துவிட்டன. ஆனால் என் மனதில் இருந்த வேலைக்கு இதுவே தாராளம். அந்த வேலை பை-ஹோல். வீட்டு நெட் முழுவதற்கும் விளம்பரத்தைத் தடுக்கும் இலவச மென்பொருள்தான்.

நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது, அந்தப் பெயருக்கு உரிய ஐபி எண், அதாவது நெட்டில் அதன் முகவரி, என்ன என்று போன் முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பை-ஹோலைப் போட்டால் அந்தக் கேள்விக்கு வீட்டிலிருக்கும் பையே பதில் சொல்லும். செய்தித்தாளின் பெயரைக் கேட்டால் சரியான எண் கிடைக்கும். விளம்பர நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று வரும். போய்ச் சேர இடமில்லாததால் விளம்பரம் வராது. ஒவ்வொரு போனிலும் தனித்தனியாக எதுவும் நிறுவ வேண்டாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

நிறுவுவது ஒரு மாலை வேலை. எஸ்டி கார்டில் ஓஎஸ் ஏற்றி, பையை ரூட்டரோடு கேபிளில் இணைத்து, அதற்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி ரூட்டரில் பதிந்து, டிஎன்எஸ் இருக்கும் கட்டத்தில் அந்த ஐபியைக் கொடுத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நெட் நின்றது. பையை அணைத்துப் போட்டால் ஓடும், ராத்திரி மறுபடியும் நிற்கும். மென்பொருளில்தான் கோளாறு என்று இரண்டு முறை அழித்து நிறுவினேன். அப்புறம் ஒரு நாள் ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். நிலையாக எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அவ்வப்போது அணைந்து அணைந்து எரிந்தது. இந்த மாடலில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த விளக்கு அணையும். பையிடமே மின்சார நிலையைக் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. எல்லாம் சரி என்றால் 0 வரும். எனக்கு வந்தது 50005. இப்போதும் மின்சாரம் போதவில்லை, முன்பும் போதவில்லை, அதனால் வேகத்தையும் குறைத்துக்கொண்டேன் என்று பை சொல்வதாக அதற்கு அர்த்தம்.

நான் மாட்டியிருந்தது மேசையில் கிடந்த பழைய போன் சார்ஜர், கூடவே மெல்லிசான நீளக் கேபிள். சார்ஜரிலிருந்து கிளம்பும் 5 வோல்ட், கேபிள் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துதான் போர்டுக்கு வந்து சேர்கிறது. 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் என்று போட்ட, இந்தப் பைக்காகவே விற்கும் அடாப்டரை வாங்கி மாட்டினேன். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. கட்டளைக்கு 0 வந்தது. இன்றைக்கு யாராவது புதிதாகத் தொடங்கினால், போர்டு வாங்கும் கையோடு சரியான அடாப்டரையும் வாங்கிவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

அப்பாவின் டேப்லெட் சுத்தமாகிவிட்டது. அம்மாவின் போனில் மட்டும் சமையல் குறிப்புக்கு நடுவே விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. பை-ஹோலின் பதிவில் பார்த்தால் அந்தப் போனிலிருந்து கேள்வியே அதிகம் வரவில்லை. ரூட்டர் ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முறை வழியாக இன்னொரு டிஎன்எஸ் முகவரியையும் கொடுத்துக்கொண்டிருந்தது, போன் அந்தப் பக்கம் போய்க் கேட்டிருக்கிறது. ரூட்டரில் அந்த முகவரியை எடுத்துவிட்டதும் சரியானது. யூடியூப் விளம்பரத்தை மட்டும் இதனால் தடுக்க முடியாது. வீடியோ வரும் இடத்திலிருந்தே அதுவும் வருகிறது.

அம்மாவுக்கு ஒரு குறை உண்டு. புடவைக் கடை ஒன்றைக் கூகுளில் தேடி மேலே முதலில் வருவதைத் தொட்டால் திறப்பதில்லை. அது காசு கொடுத்துப் போட்ட விளம்பர இணைப்பு. கொஞ்சம் கீழே இறங்கி அதே கடையின் பெயரைத் தொடுங்கள் என்று காட்டிக்கொடுத்தேன். இப்போது பழகிவிட்டார்.

ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் இருந்தது. அதிலிருந்த 5 வோல்ட் வாயில் பையையும் மாட்டி, மறுபடி கட்டளை கொடுத்துப் பார்த்தேன். 0 தான். வேறு எதையும் அதில் செருகவில்லை, அதனால் தாங்குகிறது. கரண்ட் பட்டென்று போய் எஸ்டி கார்டு கெட்டுப்போகும் பயமும் இப்போது இல்லை.

ஆனாலும் வீட்டு நெட் முழுக்க இந்த ஒரு போர்டை நம்பித்தான் ஓடுகிறது. இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளியிலிருந்து ஒன்றைக் கொடுத்தால் போன்கள் அதையும் கேட்டு விளம்பரம் திரும்ப வந்துவிடும், அதனால் கொடுக்கவில்லை. நான் ஊரில் இல்லாத நாளுக்காக ரூட்டர் இருக்கும் அலமாரிக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "நெட் வரலைன்னா சின்ன வெள்ளை வயரைக் கழற்றி, பத்து எண்ணிவிட்டு மாட்டவும். ஐந்து நிமிஷம் பொறுக்கவும். அப்பவும் வரலைன்னா எனக்கு போன் பண்ணவும்." போன வாரம் நான் திருச்சியில் இருந்தபோது அப்பா தானே அதைச் செய்திருக்கிறார். சாயங்காலம் பேசும்போதுதான் சொன்னார்.