ஹேண்ட்வாஷும் என் விரல்களும்

மார்ச் 4

விரல் இடுக்குகளில் மறுபடியும் அரிப்பு. வெளிச்சத்தில் கையைச் சாய்த்துப் பார்த்தால் கடுகளவு நீர்க்கொப்புளங்கள் தெரிகின்றன. உடைந்த இடத்தில் தோல் வெடித்து, தண்ணீர் பட்டாலே காந்துகிறது. ஹேண்ட்வாஷாக இருக்குமோ என்றால், "வருஷக்கணக்கா அதைத்தானே போடுறோம்" என்கிறார்கள் வீட்டில்.

மார்ச் 7

தோல் மருத்துவரிடம் அதையே கேட்டேன். வருஷக்கணக்காகப் போட்டதுதான் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார். ஒரு பொருளை எதிரியாகக் கருத உடலின் எதிர்ப்புச் சக்திக்குக் காலம் பிடிக்கும். அது நடந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் போதும். உடனேயும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தடிக்கும். அதற்குள் பழி வேறு எதன் மீதோ விழுந்துவிடுகிறது.

வெறும் எரிச்சல் வேறு. பிஎச் என்பது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். தோலின் பிஎச் சுமார் 5, கட்டிச் சோப்பின் பிஎச் 9, 10. ஓயாமல் கழுவினால் யார் கையும் வறண்டு எரியும். மோதிரத்துக்கு அடியில் முதலில் புண்ணாவதும் இதனால்தான். அலசினாலும் சோப்பு அங்கே தங்கிவிடும். எரிச்சலும் ஒவ்வாமையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்குமாம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

மார்ச் 18

சின்னச் சின்ன அலுமினிய வட்டுகளில் ஒவ்வொரு வேதிப்பொருளாக வைத்து முதுகில் ஒட்டி, பேனாவால் குறியிட்டார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது.

மார்ச் 20

பிரித்தாயிற்று. ஓர் இடம் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறதாம்.

மார்ச் 22

அந்த இடம் இன்று நன்றாகத் தடித்துவிட்டது. மெத்தில்ஐசோதயசோலினோன்! தண்ணீர் கலந்த சோப்பு, ஷாம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013லேயே இதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்திருக்கிறது. பூசி அப்படியே விடும் கிரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. கழுவிவிடும் பொருள்களில் மட்டும் 0.0015 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர்கள் அந்த அளவை நம்பி இருக்க முடியாது, முழுதாகத் தவிர்ப்பதுதான் வழி.

மார்ச் 25

வீட்டிலுள்ள பாட்டில்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். பட்டியலில் அதிகம் உள்ள பொருள் முதலில் வரும், ஆகவே இது கடைசியில், பொடி எழுத்தில் இருக்கிறது. ஷாம்பு, குழந்தைகளுக்கான திரவச் சோப்பு என்று பலவற்றில் அகப்பட்டது. முன்பக்கத்தில் 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை வர வாய்ப்புக் குறைவு என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவில்கூடச் சட்ட வரையறை கிடையாது. பின்பக்கத்தைப் படியுங்கள். கட்டிச் சோப்பில் தண்ணீர் குறைவு, அதனால் பெரும்பாலும் இந்தப் பொருள் தேவைப்படுவதில்லை. இப்போதைக்கு வாசனை சேர்க்காத கட்டிச் சோப்புக்கு மாறிவிட்டேன்.

ஏப்ரல் 14

கொப்புளம் வற்றிவிட்டது. வெடிப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். தண்ணீர் கலந்த பெயின்டிலும் இதே பொருள் இருக்கும், புதிதாக அடித்த சுவரிலிருந்து காற்றில் கலந்துகூட முகத்தில் தடிப்பு வருமாம். இது சேராத பெயின்ட்தான் வேண்டும் என்று பெயின்டரிடம் இன்றே சொல்லிவிட்டேன்.