இரண்டு கேம்பேட், ஒரு அருவி

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு மாமா கொழும்பிலிருந்து ஒரு ரீவி கேம் கொண்டு வந்தார். நானும் தம்பியும் கொன்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தைப் பழகியது அதில்தான். மூன்றாவது கட்டமான அருவியில் தினமும் சண்டை. ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரையும் மேலே போய்விடும், கீழே நிற்பவன் செத்துப் போவான். "பொறு அண்ணை, நான் கீழ நிக்கிறன்" என்று அவன் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

போன வருடம் அதே கட்டத்தை டாஸ் முறையில், இரண்டு ஆளோடும் செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். பழைய ஆட்டத்தைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஒவ்வொரு பிரேமாக, அதாவது திரைப் படம் படமாக நகர்த்தி, பிழை விட்டால் சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பி, எந்தப் பிரேமில் எந்தப் பொத்தான் என்று பதிந்து, முடிந்தளவு வேகமாக முடிப்பதுதான் டாஸ். செக்கனுக்கு ஏறத்தாழ 60 பிரேம், ஒரு கேம்பேடில் 8 பொத்தான். அதை இரண்டால் பெருக்குங்கள்.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரே மாதிரி இரண்டு மலிவு யூஎஸ்பி கேம்பேட் வாங்கினோம். அதுதான் முதல் பிழை. கரண்ட் போய் வந்ததும் ஒன்றும் இரண்டும் இடம் மாறிவிட்டன, என் ஆளைத் தம்பி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடையதில் அக்காவின் நகப்பூச்சால் பொட்டு வைத்தோம். இன்னொரு நாள் திசைப் பொத்தான்கள் அப்படியே செத்துவிட்டன. ஒரு மணிநேரம் செட்டிங்கைக் குடைந்த பிறகுதான் நடுவில் இருக்கும் அனலாக் பொத்தானில் விரல் பட்டிருந்தது தெரிந்தது. அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் கணினிக்குத் திசைகள் வேறு விதமாகப் போகும்.

என் ஆளை முதலில் தனியாக முழுக் கட்டமும் ஏற்றிப் பதிந்துவிட்டு, அதன் மேல் தம்பி தன் பங்கைப் பதியலாம் என்று நினைத்தோம். நாங்கள் பாவித்த பிஸ்ஹாக் எமுலேட்டரில் அதற்கு வசதியும் உண்டு. ஆனால் அவன் ஆள் கொஞ்சம் முந்தி ஏறினாலே திரை முந்தி நகர்ந்தது. என் பழைய குதிப்புகள் ஒன்றும் பொருந்தவில்லை, என் ஆள் வெறும் காற்றில் குதித்துச் செத்தான். நான் பதிந்தது எல்லாம் வீண்.

பிறகு துண்டு துண்டாகப் போனோம். வேகத்தை கால்வாசிக்குக் குறைத்து, இருவரும் கேம்பேடைப் பிடித்து 60 பிரேம் ஒன்றாக ஓட்டுவது. பிறகு பிஸ்ஹாக்கின் டாஸ்டூடியோவில், பிரேமுக்கு ஒரு வரிசையாகப் பொத்தான்களைக் காட்டும் அட்டவணையில், மவுஸால் திருத்துவது. மவுஸால் மட்டும் செய்தால் ஆள் கயிறு கட்டி இழுத்த பொம்மை மாதிரி ஏறுகிறான். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்றும் கண்டோம். குண்டுகள் திரையில் கூடினால் ஆட்டம் திணறுகிறது, அந்தப் பிரேம்களில் பொத்தானைப் பார்ப்பதே இல்லை. தம்பி சுடாமல் ஏறினால் வேகம். அவனைச் சுடாமல் இருக்கச் சொல்வதுதான் முழு வேலையிலும் கஷ்டமாக இருந்தது.

சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப் பதிந்த மீள்பதிவுகள் 4,000 தாண்டி அருவி முடிந்தது. நாலாவது கட்டம் இன்னும் தொடங்கவில்லை. பொட்டு வைத்த கேம்பேடில் வலப்பக்கப் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது, என்னுடையதைத் தரச் சொல்லித் தம்பி கேட்கிறான்.