காதெ, கத்தெ: இத்தாலிய வினைகளை அசை பிரித்துப் பார்த்தது

இத்தாலிய வினை வாய்பாடுகளை உருப்போடுவதைக் கொஞ்சம் ஓரம்கட்டிவிட்டு, ஒவ்வொரு வடிவத்தையும் அசை பிரித்து வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிவு செய்து கேட்டு வருகிறேன். நோட்டில் எழுதுவது தமிழ் எழுத்தில்தான்.

சொல்லின் கடைசி அசையைத் தவிர, அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்தால் அந்த உயிர் நீளும். மெய்யில் முடிந்தால் நீளாது. 'விழுகிறான்' கா-தெ, 'விழுந்தான்' கத்-தெ. காலம் மாறுவதே இதில்தான். அதேபோல், 'பேசுவோம்' என்று உறுதியாகச் சொன்னால் பர்-லெ-ரே-மொ. 'முடிந்தால் பேசுவோம்' என்று இழுத்தால் பர்-லெ-ரெம்-மொ. ம், ன், ல் இரட்டிப்பதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு.

வல்லினம் வந்தால் கதை வேறு. 'பேசிய' என்பதற்குப் பர்லாதொ என்று எழுதினால், நம் வழக்கப்படி அந்தத் த மென்மையாகிவிடுகிறது. பர்லாத்தொ என்றால் இரட்டித்துவிடுகிறது. அங்கே வேண்டியது ஒற்றைத் த, ஆனால் வலிய த. இதற்கு அசை பிரிப்பதே கைகொடுத்தது. சொல்லின் முதலில் வரும் த நமக்குத் தானாகவே வலிதாக வருமே! பர், லா, தொ என்று மூன்று தனிச்சொற்களாகச் சொல்லி, இடைவெளியை மெல்லக் குறைத்தால் சரியாக வருகிறது. கத்தெ இதற்கு நேர்மாறு: இரட்டிப்பும் வேண்டும், மென்மையும் வேண்டும். தெலுங்கில் 'வேண்டாம்' என்பதற்குச் சொல்லும் 'வத்து'வின் த்து தான் அது. இப்படிப்பட்ட எழுத்துகளை இப்போது சிவப்புப் பேனாவில் எழுதுகிறேன்.

'எனக்குப் புரிகிறது' என்னும் க-பி-ஸ்கொ ஒரு வேடிக்கை. எழுத்திலக்கணம் ஸ்-ஐ அடுத்த அசையோடு சேர்க்கச் சொல்கிறது. அப்படியானால் பி நீள வேண்டும், நீள்வதில்லை. வாய்க்கு அது கபிஸ்-கொ தான்.

அதிக நேரத்தை விழுங்குவது அழுத்தம். அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் எழுத்தில் குறி கட்டாயம். பர்லொ, முதலசையில் அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசியில் அழுத்தினால் 'பேசினான்'. அந்தக் கடைசி ஒ-வை நீட்டவும் கூடாது, அழுத்த மட்டும்தான் வேண்டும். அழுத்தச் சொன்னால் நீட்டிவிடுவதுதான் நம் நாக்கின் பழக்கம்.

படர்க்கைப் பன்மைக்கு ஒரு வழி கிடைத்தது: ஒருமையில் அழுத்தம் எங்கேயோ, பன்மையிலும் அங்கேயே. தெ-லே-ஃபொ-ன, 'போன் செய்கிறான்'. தெ-லே-ஃபொ-ன-னொ, 'போன் செய்கிறார்கள்'. லே-க்குப் பிறகு மூன்று அசைகளை மூச்சு விடாமல் உருட்ட வேண்டும். ஒருமையை முதலில் சொல்லிவிட்டு, வாலில் 'னொ' ஒட்டினால் வந்துவிடுகிறது. 'நாங்கள் போன் செய்கிறோம்' என்றால் மட்டும் அழுத்தம் தெலெஃபொ-னியா-மொ என்று பின்னால் நகர்ந்துவிடும்.

அடுத்து எடுத்திருப்பது 'செய்திருக்கிறேன்': எழுத்தில் ஒ ஃபத்தொ, டஸ்கனிக்காரர் வாயில் ஒஃப்ஃபத்தொ. வடக்கே மிலான் பக்கம் இந்த இரட்டிப்பு பொதுவாகக் கிடையாது. எனக்கு டஸ்கனி வழக்கே போதும்.